நீ 'போலாம்', அவன் 'போதும்'

பெரியவனே,

நீ போனில் கேட்டதற்குப் பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பாதியில் வாசிப்பதை விட்டுவிட்டாலும் பதில் கிடைத்துவிடும். படத்தை நிறுத்தும்படி தம்பியிடம் நான் சொல்ல மாட்டேன். "நீ சொன்னா நிப்பாட்டிருவாம்மா" என்றாய். நிறுத்திவிடுவான், எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்ல மாட்டேன். கதை உன்னுடையது என்றும், தம்பி அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்றும், இயக்குநர் சங்கத்தில் புகார் கொடுத்துப் படத்தை நிறுத்தப் போவதாகவும் யூடியூப் பேட்டியில் சொல்லியிருக்கிறாய். இங்கே தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் அப்பா கடைக்குத் துவரம்பருப்பு வாங்க வருகிறவர்கள் அதைப் போனில் போட்டு அப்பாவுக்கே காட்டுகிறார்கள். அவரும் கையில் தராசைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் பார்த்துவிட்டு, "காக்கிலோ போதுமா?" என்று கேட்கிறார். நீ ஊரறியப் பேசினாய். நானும் ஊரறியவே எழுதுகிறேன். தனியே கூப்பிட்டுக் காதில் சொல்லும் கட்டத்தை நீயாகத்தான் தாண்டிப் போனாய்.

துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் உட்கார்ந்து சுங்கத்துக்குப் பேப்பர் தயார் செய்தே எனக்கு வயதாகிவிட்டது. எந்தச் சரக்கு யாருடையது, எங்கிருந்து வந்தது என்று எழுதுவதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில் உன் கதைச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். நீ பேட்டியில் சொன்னதுபோல் அது கடற்கரையில் தனியாக நடந்துகொண்டிருந்தபோது உனக்கு உதித்தது இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நீங்கள் இரண்டு பேரும் என் ஆபீசுக்கு வந்து, நான் கிளம்பும்வரை உட்கார்ந்திருப்பீர்கள். எங்கள் டைப்பிஸ்ட் ரோஸ்மேரி அக்கா மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தன் தாத்தாக்கள் முத்துக்குளித்த காலத்தைச் சொல்லுவாள். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைப் படகில் இருந்து பிடிப்பது அவன் பெண்டாட்டியின் அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருக்குமாம். கூடப் பிறந்தவள் தாலி அறுக்கக் கூடாது என்பதால் மச்சான் கயிற்றை விடமாட்டான் என்று ஒரு கணக்கு. "அந்த மச்சானுக்கும் இவனுக்கும் சண்டைன்னா என்ன செய்வாங்க அத்தை?" என்று நீ கேட்டாய். "சண்டைன்னாலும் கயித்தப் பிடிச்சுத்தான ஆகணும்" என்றான் தம்பி. ரோஸ்மேரி அக்கா சிரித்தாள். கேள்வி உன்னுடையது, பதில் அவனுடையது. படம் எடுக்க வந்தபின் நீங்கள் சேர்ந்து எழுதி, அடித்து, திரும்ப எழுதிய கதை இந்த இரண்டு வாக்கியத்தில் இருந்துதான் கிளம்பியது. மக்ரூன் மட்டும் முக்கால்வாசி நீ தின்றாய்.

உங்கள் மாமா கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கேமரா உங்கள் கைக்கு வந்தது. அதை வைத்து நீங்கள் எடுத்த முதல் படம் நம் தெருவில் ஒரு ஆட்டைத் துரத்துகிறவனைப் பற்றியது. ஆடு போய், துரத்தினவனும் வீட்டுக்குப் போய், வெறும் தெரு ஓடிக்கொண்டிருக்கும். நீ நிறுத்தவே மாட்டாய். இன்னும் ஏதாவது நடக்கும் என்று காத்திருப்பாய். பேட்டரி தீர்ந்துபோகும். தம்பியிடம் கேமராவைக் கொடுத்தால் அவன் ஆரம்பிக்கவே மாட்டான். வெயில் சரியில்லை, ஆடு சரியாக நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பான். வெயில் போய்விடும். மாமா வெறுத்துப்போய்த்தான் அந்தச் சட்டத்தைப் போட்டான். "ஏலே, ஆரம்பிக்கது பெரியவன், நிறுத்துதது சின்னவன். மாத்தினீங்கன்னா கேமரா கிடையாது" என்றான். நீ "ம்ம்... போலாம்" என்பாய். அவன் "போதும்" என்பான்.

சென்னைக்குப் போனபிறகும் அதை நீங்கள் விடவில்லை. நீ உதவி இயக்குநராக வெயிலில் அலைந்தாய், அவன் எடிட்டிங் அறையில் ஏசியில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டான். சேர்ந்து படம் எடுக்க வந்ததும், ஊரெல்லாம் "ஆக்‌ஷன்", "கட்" என்று சொல்லும் இடத்தில் நீங்கள் மட்டும் "போலாம்", "போதும்" என்றீர்கள். நீ நடிகர்களோடு நிற்பாய், அவன் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான். லாரி டிரைவர்களைப் பற்றிய முதல் படத்தைத் துறைமுக ரோட்டில் எடுத்தபோது லீவு போட்டுவிட்டு வந்து பார்த்தேன். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசியே நான் பார்க்கவில்லை. டீ குடிக்கும்போதுகூடப் பேசவில்லை. சண்டையோ என்று பயந்து கேமராமேனிடம் கேட்டேன். "அவங்களுக்குப் பேச வேண்டியது இல்லம்மா" என்றார். அந்தப் படம் பெயர் வாங்கியது. அடுத்த கல்யாணக் கூத்துப் படம் நன்றாக ஓடியது. மூன்றாவது படம் பெயரும் வாங்கவில்லை, ஓடவும் இல்லை. அதில் யார் மேல் தப்பு என்று நீங்கள் இரண்டு பேருமே இதுவரை சொன்னதில்லை. அந்த மரியாதையை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய நடிகர் உன்னை மட்டும் கூப்பிட்டார். செட்டில் இரண்டு டைரக்டர் இருந்தால் யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை என்றாராம். நீ ஒத்துக்கொண்டாய். இதில் உன்னை நான் குறை சொல்லவில்லை. துறைமுகத்துக்குள் கப்பல் வரும்போது கேப்டன் இருக்கும்போதே வழிகாட்ட பைலட் ஒருவர் ஏறுவார், வேலை முடிந்ததும் இறங்கித் தன் படகில் போய்விடுவார். யாரும் யாரையும் கைவிட்டதாக அர்த்தமில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட அம்மாதான் இதற்கெல்லாம் காரணம் என்று நீ அதே பேட்டியில் சிரித்துக்கொண்டே சொன்னாய். ஒரே துணியில் எடுத்தால் மீட்டர் குறைச்சலாகும், அதற்குத்தான் எடுத்தேன். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் தனிப்படம் முடிவானதைச் சொல்ல நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஊருக்கு வந்தீர்கள். மத்தியானம் நெத்திலிக் குழம்பு வைத்திருந்தேன். அப்பா கடையில் இருந்தார். நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய், தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அப்புறம் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அப்ப முத்துக்குளிக் கதைய என்ன செய்ய?" என்றான். நீ குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு சொன்னாய்:

"அத நீயே எடுத்துக்கோலே. எனக்கு வேண்டாம்."

நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். சொன்னது காதில் விழுந்தது, முகத்தையும் பார்த்தேன். இப்போது நீ, அது விளையாட்டுக்குச் சொன்னது, சும்மா வாய்வார்த்தை என்கிறாய். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் கொடுக்கவேண்டும் என்றும் சொல்லவில்லை. அவன் எடுக்கமாட்டான் என்ற தைரியத்தில் சொன்னாய். வெயில் சரியில்லை, ஆடு சரியாக நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பான், நீ இல்லாமல் அவனுக்கு ஆரம்பிக்க வராது, கதை அங்கேயே கிடக்கும், உனக்கு வேண்டியபோது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாய். இப்போது அவன் ஆரம்பித்துவிட்டான். உனக்கு வலிப்பது அதுதான். கதை போனது இல்லை. நான் உன் அம்மா, என்னிடம் நீ இல்லை என்று சொல்லாதே.

உன் படம் தூத்துக்குடியில் ரிலீசான அன்று அப்பாவும் நானும் போனோம். தம்பியும் சென்னையில் இருந்து அதற்காகவே வந்திருந்தான். உன்னிடம் சொல்லவேண்டாம் என்றான், அதனால் இதுவரை சொல்லவில்லை. கண்டக்டர் அப்பாவும் மகளும் பேசும் அந்தப் பஸ் காட்சி எனக்குப் பிடித்தது. அதை நீ தவிர வேறு யாரும் அப்படி எடுத்திருக்க முடியாது. ஆனால் அது முடியவில்லை. அவள் அழுது முடித்து, அவர் அழுது முடித்து, பஸ் கிளம்பி, பஸ் நின்று, ஆட்கள் இறங்கி, இன்னும் முடியவில்லை. பின் சீட்டில் இருந்த ஒருவர், "ஏலே, போதும்ல" என்று சத்தமாகச் சொன்னார். தியேட்டர் முழுக்கச் சிரித்தது. நான் திரும்பித் தம்பியைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தான். உதடு அசைந்தது. ஒவ்வொரு ஷாட்டிலும் அவன் சத்தமில்லாமல் "போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எந்த இடத்தில் சொல்கிறான் என்று கவனித்தேன். அந்த இடத்தில் எல்லாம் நிறுத்தியிருந்தால் அந்தப் படம் உங்கள் முதல் படத்தைவிட நல்ல படம். வெளியே வந்ததும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், கொஞ்சம் நீளம் என்று இழுத்தார். தம்பி அவரிடம் சண்டைக்குப் போய்விட்டான். அந்தப் படத்தில் ஒரு இடம்கூட வெட்ட முடியாது என்று அவன் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். பச்சைப் பொய்.

நீ இல்லாமல் அவன் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். உன் படம் வந்து இவ்வளவு நாள், அவன் மற்றவர்கள் எடுத்த படங்களை வெட்டிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான். தயாரிப்பாளர் கிடைத்த பிறகும் தேதி தள்ளிக்கொண்டே போனது. படகு சரியில்லை என்பான், காற்று மாறட்டும் என்பான். அப்பா ஒருநாள் போனை வாங்கி, "சின்னவனே, கடையத் தொறந்தாத்தாம்ல ஆள் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் கையில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் தேதி குறித்தான். பூஜையை முயல் தீவுப் பக்கம் கடற்கரையிலேயே வைத்தான், அன்றைக்கே முதல் ஷாட்டும் எடுப்பதாக ஏற்பாடு.

சினிமா பூஜை எனக்கு இப்போது பழகிவிட்டது. கேமராவுக்கு மாலை, மஞ்சள், குங்குமம், தேங்காய். ஒருவர் கிளாப் அடிப்பார், ஒருவர் கேமராவை முடுக்குவார், பெரிய மனிதர் யாராவது முதல் ஷாட்டை இயக்குவதாகப் பேர் பண்ணுவார். கிளாப் அடிக்க ரோஸ்மேரி அக்காவைக் கூப்பிட்டிருந்தான். அவளுக்கு இப்போது முட்டி வலி, நாற்காலி போட்டு உட்கார்ந்து அடித்தாள். முதல் ஷாட்டுக்கு உன்னை வைத்திருந்தான். அழைப்பை உனக்குக் கூரியரில் அனுப்பினான், உன் வீட்டு வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். தயாரிப்பாளர் தன் மாமனாரை வைத்துச் செய்யலாம் என்றபோது தம்பி, "அது எங்க அண்ணன் எடம். வரலைன்னா சும்மா கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். தயாரிப்பாளரிடம் இப்படியா பேசுவது. நீ வரவில்லை.

மச்சானோடு சண்டை போட்ட பிறகு அவன் கயிற்றையே நம்பிக் கடலுக்குப் போகிறவன் படகு கரையை விட்டுக் கிளம்புகிற காட்சி அது. பழைய காலத்துப் படகு, பழைய காலத்து வேட்டி. கேமராவைத் துறைமுகத்துக்கு முதுகு காட்டும்படி வைத்திருந்தான். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினால் கிரேனும் நிலக்கரிக் கப்பலும் தெரிந்துவிடும். எல்லாம் தயார். கேமராமேன் தயார் என்றார், படகில் இருந்தவர்கள் தயார் என்று கை காட்டினார்கள். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் அவனைப் பார்க்கிறார்கள், அவன் கடலைப் பார்க்கிறான். எனக்குப் புரிந்துவிட்டது. உன் குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். உதவி இயக்குநர் ஒருத்தி பக்கத்தில் போய் மெதுவாக, "சார்?" என்றாள். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் சொல்லவேண்டும் என்று நினைத்தானோ என்னவோ. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னால் முடிந்த உதவி அது ஒன்றுதான்.

அப்போது பின்னால் இருந்து, "ம்ம்... போலாம்" என்று கேட்டது. அதே இழுவை, அதே குரல். நீதான் வந்துவிட்டாயோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். ரோஸ்மேரி அக்காவும் திரும்பிப் பார்த்தாள். நீ இல்லை. அவன்தான்.

படகு கிளம்பியது. சரியான இடத்தில் "போதும்" என்றான், அது அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். கேமராமேன் நன்றாக வந்திருக்கிறது என்றார். அவன் என் பக்கத்தில் வந்து நின்று மண்ணைக் காலால் தள்ளிக்கொண்டே கேட்டான். "அண்ணன்னா இன்னுங் கொஞ்சம் ஓட விட்டுருப்பான், இல்லம்மா?"

"கொஞ்சமா? சாயங்காலம் வரைக்கும் விட்டுருப்பான்" என்றேன்.

சிரித்தான். போய் இன்னொரு டேக் என்றான். மறுபடியும் "போலாம்", மறுபடியும் படகு. அதே இடம் வந்தது, அவன் "போதும்" சொல்லவில்லை. படகு போய்க்கொண்டே இருந்தது, கேமராவும் கூடவே திரும்பியது. கேமராமேன் கண்ணை எடுக்காமலே, "சார், கிரேன் உள்ள வருது" என்றார். "வரட்டும்" என்றான். கிரேன் வந்தது, கன்டெய்னர் அடுக்கு வந்தது, நிலக்கரிக் கப்பல் முழுசாக வந்தது, அதற்கு முன்னால் பழைய காலத்து வேட்டியோடு அந்த இரண்டு பேரும் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தார்கள். "சார், இது படத்துக்கு ஆகாதே" என்றார் கேமராமேன்.

"படத்துக்கு இல்ல அண்ணாச்சி. இது எங்க அண்ணனுக்கு" என்றான்.

அவன் நிறுத்துவதாக இல்லை. படகில் இருந்தவர்கள் வேறு, திரும்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் நான்தான் "போதும்லே" என்று சொல்ல வேண்டி வந்தது. முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை, இரண்டு தடவை சொன்னேன்.

நீ புகார் கொடுப்பதானால் கொடு. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் சென்னைக்கு வந்து, நெத்திலிக் குழம்பு ஊற்றிக்கொண்டே நீ என்ன சொன்னாய் என்று சொல்லிவிட்டு, உன் வீட்டிலேயே தங்கி, உனக்கு இட்லி அவித்துக் கொடுத்துவிட்டு வருவேன். இரண்டும் என் வேலைதான். நீங்கள் மறுபடி சேர்ந்துதான் படம் எடுக்கவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. தனித்தனியாகவே எடுங்கள். அப்பா இரண்டு படத்துக்கும் கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டார். உன் அடுத்த படத்தை வெட்டும்போது ஒரே ஒரு நாள் அவனைப் பக்கத்தில் உட்கார வை. அவன் வாயைத் திறக்க வேண்டாம், உதட்டைப் பார்த்தாலே போதும்.

அந்த இரண்டாவது டேக்கை அவன் தன் போனில் ஏற்றி வைத்திருக்கிறான். உனக்கு அனுப்பப் பார்த்தான், போகவில்லை. மூன்று நாளாகத் தினமும் காலையில் அனுப்பிப் பார்க்கிறான், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். பிளாக் என்றால் என்ன என்பதை உதவி இயக்குநர் பெண்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். படப்பிடிப்பு இன்னும் இங்கேதான் நடக்கிறது. ரயில் ஏறினால் காலையில் வந்து இறங்கிவிடலாம், அப்பா ஸ்டேஷனுக்கு வருவார். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

முதலில் அந்த பிளாக்கை எடு.

அம்மா